எந்தச் சில்லு, எந்த வெளியீடு, எந்த அளவுக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், கிராமத்து நூலகம் ஒன்றுக்காக ஆறு பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து தரும் பொறுப்பை ஏற்றிருந்தேன். அவற்றில் இருந்த வைஃபை அட்டைகள் பழுதாகிக் கிடந்ததால், யுஎஸ்பி துளையில் செருகும் வைஃபை கருவிகளை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். எந்தக் கருவி வேலை செய்யும் என்று தெரியாமல் கடைக்குப் போகக்கூடாது என்பதால், நிறுவப்போகும் இயங்குதளத்தின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து, ஆதரிக்கப்படும் கருவிகளின் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஒரு கருவியின் பெயர் அதில் இருந்தது. ஆறு வாங்கினேன். இரண்டு வேலை செய்தன, நான்கு செய்யவில்லை.

ஆறு பெட்டிகளிலும் ஒரே பெயர், ஒரே மாதிரி எண், ஒரே படம். நான்கு கருவிகளின் அடிப்புற ஒட்டுச்சீட்டில் மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியக்கூடிய சிறிய எழுத்தில் வேறொரு பதிப்பு எண் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நான்கிலும் இருந்த சில்லு வேறொரு நிறுவனத்துடையது. அதற்கு வேண்டிய இயக்கி, அதாவது டிரைவர், நான் நிறுவிய இயங்குதளத்தில் அப்போது இல்லவே இல்லை. கையேட்டில் அந்த வரியை எழுதியவர் தவறான செய்தி எதையும் சொல்லிவிடவில்லை. அவர் எழுதிய நாளில் அந்தப் பெயரில் ஒரே ஒரு பதிப்புதான் விற்பனைக்கு வந்திருக்கும். ஆனால் இந்தச் சில்லைக் கொண்ட கருவி இயங்கும் என்பது அவர் அறிந்திருந்த செய்தி. இந்தப் பெயரைக் கொண்ட கருவி இயங்கும் என்பது அவர் எழுதிய செய்தி. அறிந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியில் நான்கு கருவிகளின் விலை போயிற்று. அந்தப் பணம் நூலகத்துக்காக ஊரார் சேர்த்துக் கொடுத்த பணம்.

அதன் பிறகுதான் வன்பொருள் கையேடுகளின் சொற்களைத் திருத்தும் வேலையில் இறங்கினேன். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. படித்துப் பார்த்து, கருவியைச் செருகிப் பார்த்து, எழுதியிருப்பதும் நடப்பதும் ஒத்துவராத இடத்தில் வாக்கியத்தை மாற்றித் திருத்தமாக அனுப்புவேன். அவ்வளவுதான் நான் செய்வது. ஆனால் இந்த வேலையில் நுழைந்த பிறகு, வன்பொருளைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் கடைசியாக நம்பிப் படிக்கும் வாக்கியம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

இன்றைய பல இயங்குதளங்களுக்கு முன்னோடியான யூனிக்ஸின் கையேட்டு முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு வெளிவந்தது. கருவிகளைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகளுக்கு அதில் நான்காம் பிரிவு ஒதுக்கப்பட்டிருந்தது; யூனிக்ஸின் வழிவந்த இன்றைய இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகியவற்றிலும் கருவி இயக்கிகளின் பக்கங்கள் அதே நான்காம் பிரிவில்தான் இருக்கின்றன. குறைபாடுகளைச் சொல்வதற்கென்றே தனித் தலைப்பு ஒன்றும் அந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. தாம் எழுதிய நிரலின் குறையைத் தாமே அதன் கையேட்டில் எழுதிவைக்கும் இந்த வழக்கம் அரைநூற்றாண்டைக் கடந்தும் நிலைத்திருப்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதலைத் தருகிறது.

அந்த மரபுக்கு நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் சான்று, ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் 8139 நெட்வொர்க் அட்டைக்கான இயக்கியின் பக்கம். 1998இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 3.0இல் அந்த இயக்கி முதன்முதலாக இடம்பெற்றது; எழுதியவர் பில் பால். மூல நிரலுக்குள் அவர் எழுதிவைத்த குறிப்பு மிகவும் கடுமையானது. மட்டமான தரம் என்பதற்கே இந்த அட்டை புதுப்பொருள் கற்பிக்கிறது என்று தொடங்கி, இதுவரை செய்யப்பட்ட அட்டைகளிலேயே இதுதான் மிக மோசமானதாக இருக்கக்கூடும் என்று அது போகிறது. கையேட்டுப் பக்கத்தில் அந்தக் கோபத்தின் சுவடே கிடையாது. வெளியே அனுப்பும் தரவுப் பொதிகளின் முகவரிகளை வைக்க இந்தச் சில்லில் நான்கே நான்கு பதிவேடுகள், அதாவது சிறு சேமிப்பிடங்கள்தாம், உள்ளன என்றும், ஒவ்வொரு பொதியும் நினைவகத்தில் தொடர்ச்சியான ஒரே துண்டாகவும் உரிய எல்லையில் தொடங்குவதாகவும் இருக்க வேண்டும் என்றும், வந்து சேரும் பொதிகளை ஒரு வட்டத் தாங்ககத்திலிருந்து, அதாவது சுழன்று சுழன்று நிரப்பப்படும் நினைவகப் பகுதியிலிருந்து, நகலெடுத்தே ஆகவேண்டும் என்றும் அது நிதானமாகச் சொல்கிறது. கோபத்தைப் படிப்பவருக்கு அட்டையின் மேல் வெறுப்பு மட்டும்தான் வரும். விவரத்தைப் படிப்பவர், தம்முடைய மெதுவான கணினியில் இந்த அட்டை ஏன் செயலியின் நேரத்தைத் தின்கிறது என்று புரிந்துகொண்டு, அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று தாமே முடிவெடுப்பார்.

இனி, 'ஆதரவு' என்ற சொல்லுக்கு வருகிறேன். என் வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலின் மூல நிரலோடு, ஒவ்வொரு பகுதியையும் யார் பராமரிக்கிறார்கள் என்று சொல்லும் நீண்ட கோப்பு ஒன்று வருகிறது. ஒரு பகுதியின் நிலையைக் குறிக்கும் சொற்கள் அக்கோப்பின் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. அங்கே 'ஆதரிக்கப்படுவது' என்றால், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் தரப்படுகிறது என்று பொருள். 'பராமரிக்கப்படுவது' என்றால், யாரோ ஒருவர் உண்மையாகவே கவனித்துக்கொள்கிறார் என்று மட்டும் பொருள். அவ்வப்போது ஒரு திருத்தம் செய்வதற்கு மேல் நேரமில்லாதவரின் பொறுப்பில் இருப்பது ஒரு நிலை. யாருமே இல்லாமல் அநாதையாக இருப்பது இன்னொரு நிலை. இங்கே 'ஆதரவு' என்ற சொல் கருவி இயங்குமா என்பதைப் பற்றி எதுவும் பேசவில்லை, அதன் பின்னால் நிற்கும் மனிதரைப் பற்றிப் பேசுகிறது. அநாதையாகக் கிடக்கும் இயக்கி பல்லாண்டுகள் பழுதில்லாமல் ஓடலாம். இந்தக் கோப்பு செய்திருப்பது எளிய செயல்தான்: ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன், இங்கே அதற்கு என்ன பொருள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. மற்ற ஆவணங்களில் இந்த ஒரு வரி இல்லாததால், அதே சொல்லைப் படிக்கும் பத்துப் பேர் பத்து விதமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதன் விளைவை இன்டெல் வைஃபை அட்டைகளுக்கான ஃப்ரீபிஎஸ்டி இயக்கியில் தெளிவாகப் பார்க்கலாம். லினக்ஸுக்கென எழுதப்பட்ட இயக்கியை ஓர் இணக்க அடுக்கின் வழியாக இயங்கவைத்து, 2022இல் வந்த 13.1 வெளியீட்டில் சேர்த்தார்கள். இயக்கி பழைய வைஃபை தரங்களோடு, அவற்றைவிட வேகமான 802.11என், ஏசி, ஏஎக்ஸ் ஆகியவற்றையும் ஆதரிக்கிறது என்றும், இணக்க அடுக்கு தற்போது ஏ, பி, ஜி ஆகிய பழைய தரங்களை மட்டுமே ஆதரிக்கிறது என்றும், மற்றவை பின்னர் வரும் என்றும் அதன் கையேட்டில் எழுதியிருந்தார்கள். சொன்னவை அனைத்தும் உண்மை, எதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த வரிகளை ஒரு பயனரின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். 'ஆதரிக்கிறது' என்ற ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. முதலாவது, நிரலுக்குள் அந்தத் திறன் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது, உங்கள் கணினியில் அது நடக்கும் என்பதைக் குறிக்கிறது. பயனருக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான். ஆனால் முதலாவதுதான் முன்னால் நிற்கிறது, ஏஎக்ஸ் என்ற எழுத்துகளைக் கண்டதும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நான் எழுதியிருந்தால், இந்த வெளியீட்டில் இவ்வியக்கி 802.11ஏ, பி, ஜி முறைகளில் மட்டும் இணையும் என்றும், ஆகவே அதிகபட்ச இணைப்பு வேகம் நொடிக்கு 54 மெகாபிட் என்றும் தொடங்கியிருப்பேன். இணக்க அடுக்கைப் பற்றிய விளக்கம், அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்காக அடுத்த பத்தியில் இருக்கலாம். 54 என்ற எண்ணைச் சேர்ப்பதால் யாருடைய உழைப்பும் சிறுமைப்படாது. என், ஏசி முறைகள் 2025 ஜூனில் வந்த 14.3 வெளியீட்டில்தான் இந்த இயக்கிக்குக் கிடைத்தன. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணை முன்கூட்டியே படித்தவர்கள் தங்கள் ரவுட்டரைக் குறைசொல்லி அலைந்திருக்க மாட்டார்கள்.

அந்த வரிகளில் இருந்த 'தற்போது', 'பின்னர்' ஆகிய சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்குத் தற்போது என்பது ஒரு நாள்; படிக்கிறவருக்கு அது வேறொரு நாள், சில சமயம் பத்தாண்டுகள் தள்ளிய ஒரு நாள். 'புதிய', 'அண்மைய' ஆகியவையும் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. இவற்றைக் கண்ட இடமெல்லாம் வெளியீட்டு எண்ணையோ ஆண்டையோ இட்டுவிடுகிறேன். '13.1 வெளியீட்டின்படி' என்று எழுதிய வாக்கியம் பழையதாகலாம், ஆனால் பொய்யாகாது.

முழுமை, பகுதி என்று தரம்பிரித்துச் சொல்லும் வழி முன்பே இருந்ததுதான். 1990களில் லினக்ஸில் ஈதர்நெட் அட்டைகளைப் பொருத்துவதற்கான வழிகாட்டியைப் பராமரித்த பால் கோர்ட்மேக்கர், ஒவ்வோர் அட்டைக்கும் ஆதரவு உண்டு, பாதி ஆதரவு உண்டு, இல்லை என்று நிலையைத் தனித்தனியே குறித்திருந்தார். பாதி என்றால் இயக்கி இருக்கிறது, ஆனால் அதிலோ அட்டையிலோ கோளாறு இருக்கலாம் என்று விளக்கமும் தந்திருந்தார். நடைமுறையில் பெரும்பாலான கருவிகள் இந்தப் பாதியில்தான் இருக்கின்றன. ஒலி வரும், மைக் வேலை செய்யாது. திரை எரியும், மடிக்கணினியை மூடித் திறந்தால் எரியாது. இவற்றை எழுதுவதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள் போதாது.

பெயர்களின் சிக்கலுக்குத் திரும்புகிறேன். எனக்கு நேர்ந்தது அரிதான ஒன்று என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், இத்துறையில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டே உண்டு. என்னிடம் இருந்தது வேறு கருவி. ஆனால் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி கருவியின் முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர்9271 சில்லும், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சில்லும் இருந்தன. இரண்டுக்கும் இயக்கிகள் முற்றிலும் வேறு. விற்பனைப் பெயர் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருக்கும் ஓர் ஏற்பாடு, இயக்கிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இயக்கி பார்ப்பது கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் இரண்டு எண்களை: தயாரிப்பாளர் எண், கருவி எண். கணினியின் உள்ளே பொருத்தும் பிசிஐ வகைக் கருவிகளில் இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அங்கே வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அப்படியானால் பட்டியலில் எண்களை மட்டும் தந்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. கடைக்குப் போகிறவர் கையில் பெட்டிதான் இருக்கிறது. செருகிப் பார்த்தால்தான் எண் தெரியும், செருக வேண்டுமென்றால் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே சில்லின் பெயரை முதன்மையாக வைத்து, அந்தச் சில்லைக் கொண்டவை என்று உறுதியான பொருள்களைப் பதிப்பு எண்ணோடு அதன் கீழே தருவதே நான் கண்ட வழி. பதிப்பு எண் ஒட்டுச்சீட்டில் எங்கே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. 'போன்றவை', 'பெரும்பாலானவை', 'இவற்றோடு ஒத்த பிறவும்' ஆகிய தொடர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். 'ஒத்த' என்ற சொல்லை முடிவு செய்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பெட்டியில் அச்சடித்த விற்பனையாளர் என்பதே விடையாக இருக்கும்.

செயலிகளின் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட டெபியன் இயங்குதளத்தில் 64 பிட் கணினிகளுக்கான வடிவத்தின் பெயர் ஏஎம்டி64. அந்தக் கட்டமைப்பை முதலில் வகுத்து 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி, மறு ஆண்டு இன்டெல்லும் அதை ஏற்றது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மடிக்கணினியின் மேல் இன்டெல் ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, இது நமக்கானதன்று என்று எண்ணி, பழைய 32 பிட் கணினிகளுக்கான ஐ386 என்ற கோப்பைப் பதிவிறக்கியவர்களை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். அந்த ஐ386 என்ற பெயரும் வெறும் பெயர்தான். 386 செயலிக்கான நிரலை லினக்ஸ் கெர்னல் 2013இல் வந்த 3.8 பதிப்பிலேயே கைவிட்டது; 2017இல் வந்த டெபியன் 9, ஐ386 என்ற அதே பெயரில், அதைவிடப் புதிய 686 வகைச் செயலிகளைக் கோரியது. பெயரை மாற்றினால் ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகளில் கைவைக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பதிவிறக்கும் இடத்தில், இன்டெல், ஏஎம்டி இரண்டின் 64 பிட் செயலிகளுக்கும் இதுவே என்று எழுதுவதற்கு எந்தத் தொகுப்பையும் தொட வேண்டியதில்லை.

அட்டைக்குள்ளேயே ஓடும் சிறு நிரலான ஃபர்ம்வேர் பற்றிச் சுருக்கமாக. ஓர் அட்டைக்கு இயக்கி இருந்தும், அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததால் அது உயிர் பெறாமல் கிடப்பது வழக்கம். டெபியனின் அதிகாரப்பூர்வ நிறுவியில் தளையுள்ள, அதாவது விருப்பம்போல் மாற்றவும் பகிரவும் உரிமை தராத, ஃபர்ம்வேர் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. 2022இல் திட்டத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் அது சேர்ந்தே வருகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பது கொள்கை பற்றிய கேள்வி, இரு பக்கமும் மதிக்கத்தக்க காரணங்கள் உண்டு. ஆவணத்தை எழுதுகிறவரின் கடமை அதைவிட எளிமையானது: இந்த அட்டை இயங்க இன்ன பெயருள்ள கோப்பு வேண்டும், அது இன்ன தொகுப்பில் இருக்கிறது என்று இயக்கி பற்றிய அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும். நெட்வொர்க் இல்லாதவரிடம், விவரங்களுக்கு இணையத்தைப் பார்க்கவும் என்று எழுதுவது மிகவும் வருத்தம் தருவது.

இந்த வேலையின் உள்ளிருந்து மட்டுமே தெரியும் ஒரு நுட்பத்தையும் குறிப்பிட விரும்புகிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வன்பொருள் குறிப்புகள் என்ற ஆவணம் வெளியாகிறது. அதன் பெரும்பகுதியை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. நான்காம் பிரிவுப் பக்கங்களில் வன்பொருள் என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை ஒரு நிரல் பிரித்தெடுத்து ஒன்றாகக் கோக்கிறது. ஆகவே அந்தத் தலைப்பின் கீழ் எழுதும் வாக்கியத்துக்கு இரண்டு வீடுகள். சொந்தப் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் இருக்கும். குறிப்புகளில் அது தனியே நிற்கும். 'இது மேற்கண்டவற்றோடு கீழ்க்காணும் அட்டைகளையும் இயக்கும்' என்று எழுதிவிட்டால், குறிப்புகளில் 'இது' எதைச் சுட்டுகிறது, 'மேற்கண்டவை' எவை என்று யாருக்கும் தெரியாது. அதனால் தொடக்க வாக்கியத்தில் இயக்கியின் பெயரும், கருவி எவ்வகை என்பதும் முழுமையாக வந்தாக வேண்டும். சுட்டுப்பெயர்களைக் கண்டால் கை தானாகத் திருத்தப் போகும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

ஆங்கிலத்தில் உள்ள இந்தப் பக்கங்களை நான் முதலில் தமிழில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். அது மொழிபெயர்ப்புக்காக அன்று, சோதிப்பதற்காக. 'ஆதரவு' என்றதும் நமக்கு ஆதரவற்றோர் இல்லமும் தேர்தல் ஆதரவும்தான் நினைவுக்கு வருகின்றன. இயக்கி ஒன்று அட்டையை ஆதரிக்கிறது என்பது எவ்வளவு மங்கலான பேச்சு என்பது அப்போது உறைக்கிறது. உடனே வேறு வினைச்சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. கண்டறிகிறதா, இணைக்கிறதா, படிக்க மட்டும் செய்கிறதா, எழுதவும் செய்கிறதா, உறக்கநிலையிலிருந்து எழுப்புகிறதா? அந்த வினை தமிழில் கிடைத்ததும் ஆங்கில வாக்கியத்தை எப்படித் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

என் முதல் திருத்தம், நான்கு கருவிகளின் விலையை விழுங்கிய அந்தப் பக்கத்துக்கானதுதான். பட்டியலில் இருந்த பெயரோடு 'பதிப்பு 1' என்று சேர்த்து, சில்லின் பெயரையும் இட்டு அனுப்பினேன். சரிபார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்த வெளியீட்டில், எந்தப் பதிப்புக் கருவியைச் சோதித்தீர்கள்? நான் இரண்டு கருவிகளின் எண்களையும், கணினி அவற்றைக் கண்டறிந்தபோது வெளியிட்ட செய்திகளையும் அப்படியே அனுப்பினேன். எட்டு நாள் கழித்துத் திருத்தம் ஏற்கப்பட்டது. பதிப்பு 3 இவ்வியக்கியில் இயங்காது என்ற வரியையும் அவரே கேட்டு வாங்கிச் சேர்த்தார். இயங்காததை எழுதுவதற்கும் பட்டியலில் இடம் உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்பக்கத்தில் பதிப்பு 1 இருக்கிறது, பதிப்பு 3 இருக்கிறது, நடுவே இரண்டாம் பதிப்புக்கு எதுவும் எழுதப்படவில்லை. அதைக் கையில் வைத்துச் செருகிப் பார்க்கும் வரை அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பழைய கணினிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் யுஎஸ்பி கருவிகள் குவிந்திருக்கும் கூடைகளில் ஒவ்வொன்றாகத் திருப்பி, அடிப்புற ஒட்டுச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.